இலை சுருண்டதும் பாட்டிலைத் தேடாதீர்கள்: சென்னை மொட்டைமாடி மிளகாய்ச் செடிக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

மாடியில் மிளகாய்ச் செடியின் இலை சுருண்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு பக்கத்து நர்சரிக்குப் போவார்கள். "அண்ணா, இலை இப்படி ஆயிடுச்சு, என்ன அடிக்கலாம்?" "இதை அடிங்கக்கா, சரியாயிடும்." கையில் ஒரு பாட்டில் வரும். அது இலைப்பேனுக்கானதா, சிலந்திக்கானதா, வெறும் டானிக்கா என்று இவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நர்சரிக்காரர் மேல் தப்பில்லை. கிள்ளிய ஒற்றை இலையை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்த இலை செடியில் எங்கே இருந்தது, மண் ஈரமா காய்ந்ததா, ஊற்றுவது மெட்ரோ வாட்டரா போர் தண்ணீரா லாரித் தண்ணீரா, செடி எந்தச் சுவர் பக்கம் நிற்கிறது, இதெல்லாம் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். அவை தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

இங்கே மிளகாயை மையமாக வைத்துச் சொல்கிறேன். தக்காளியும் கத்திரியும் அதே குடும்பம் என்பதால் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

மருந்துக்கு முன்னால்

காலை ஆறு, ஆறரைக்கு மாடிக்குப் போங்கள். மத்தியானம் பார்த்தால் சென்னையில் எல்லாச் செடியும் நோயாளிதான். முதலில் கோளாறு எந்த இலையில் என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலையிலா, நுனியில் உள்ள கொழுந்திலா, மேலும் கீழும் ஒரே மாதிரியா? அடி இலையில் தொடங்கினால் பெரும்பாலும் சத்துக் குறைவு, அல்லது இலைக்கு வயதாகிவிட்டது. கொழுந்தில் தொடங்கினால் பூச்சி, வைரஸ், அல்லது இரும்புச்சத்துப் பிரச்சினை. ஒரே நாளில் செடி முழுக்க என்றால் வேரில் ஏதோ நடந்திருக்கிறது.

அப்புறம் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள். மேலே காய்ந்து வெளுத்திருக்கும் தென்னை நார்க்கழிவு உள்ளே சொதசொதவென்று இருப்பது சாதாரணம். மேல் நிறத்தை நம்பித் தண்ணீர் ஊற்றுபவர்கள்தான் அதிகமான செடிகளை அழுக வைக்கிறார்கள். செடி வளரும் பையை (குரோ பேக்) சற்றுத் தூக்கிப் பார்த்துப் பழகினால் கனத்தை வைத்தே ஈரம் தெரிந்துவிடும்.

கடைசியாக இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூச்சிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

இலை சுருள்கிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கும் புகார் இது. எல்லாச் சுருளும் ஒன்றில்லை. சுருளும் திசைதான் முதல் துப்பு.

இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடிந்து படகு போல நின்றால் இலைப்பேனைச் சந்தேகியுங்கள். இளம் இலையும் பூவும் அதற்குப் பிடித்த இடம். இலையைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுவதால் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போலக் கீறல்கள் தெரியும். உறுதி செய்ய ஒரு வெள்ளைத்தாளை நுனிக்குக் கீழே பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், மெல்லிய கோடுகள் விழுந்து ஓடினால் அதுதான். பூவையும் தட்டுங்கள். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களை நாசம் செய்த கறுப்பு இலைப்பேன் முக்கியமாகப் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலை கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஆகி, காம்பு மட்டும் நீண்டு எலிவால் போல இருந்தால் அது பூச்சியே இல்லை, மஞ்சள் சிலந்தி; வலை பின்னும் சிலந்தி அல்ல, 'மைட்' என்னும் நுண்ணிய உயிர். கண்ணுக்குத் தெரியாது. கொழுந்து இலையின் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் பளபளப்பாகவும், இலை தடித்து மொரமொரப்பாகவும் இருப்பதுதான் அடையாளம். பூ மொட்டு கருகி விழும், காயில் தழும்பு வரும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலருடைய மருந்து வேலை செய்வதில்லை. இலைப்பேனைக் கொல்லும் பல மருந்துகள் சிலந்தியைத் தொடுவதே இல்லை. சில மருந்துகள் சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றுவிடுவதால் அடித்த பிறகு சுருள் இன்னும் கூடும். "மருந்து அடிச்சதும் ஜாஸ்தியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் நினைப்பது சிலந்தியைத்தான்.

இலைப்பேனுக்கு முதல் நாள் செய்ய வேண்டியது, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலை அடிப்பக்கத்தைக் கழுவுவது. அதிலேயே பாதி போய்விடும். மறுநாள் மாலை வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அது கரைய இரண்டு மூன்று சொட்டு மென்மையான சோப்புக் கரைசல். சோப்பை எண்ணெயோடு முதலில் குழப்பி, வெள்ளையாகப் பால் மாதிரி ஆன பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். நேரடியாகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதந்து, கடைசியில் தெளிப்பானில் மீதமிருக்கும் கெட்டியான எண்ணெய் ஏதோ ஒரு பாவப்பட்ட செடியின் மேல் விழுந்து கருக்கும். வெயில் இறங்கிய பின் தெளிக்க வேண்டும், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால் முட்டையிலிருந்து வந்தவை திரும்பத் தொடங்கும். வேப்பங்கொட்டை கிடைத்தால் 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி அடிக்கலாம். என் கணக்கில் அது எண்ணெயைவிட நன்றாக வேலை செய்கிறது. நீல நிற ஒட்டும் அட்டை இலைப்பேனைப் பிடிக்கும், மஞ்சள் அட்டை வெள்ளை ஈயைப் பிடிக்கும். அட்டை மட்டும் மாட்டி எதையும் ஒழிக்க முடியாது. எவ்வளவு வருகிறது என்று காட்டும், அவ்வளவுதான்.

சிலந்திக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் சென்னையில் இதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைப் பொசுக்கும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் அதே கதி. அப்படிப் பார்த்தால் மாசி முதல் ஆவணி வரை இங்கே கந்தகத்துக்கு நாளே இல்லை. அந்த மாதங்களில் கெட்டுப்போன நுனிகளை நான்கு விரல்கடை நீளம் வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டி வெளியே தள்ளிவிட்டு, வேப்பங்கொட்டைக் கரைசலை இலை அடியில் படும்படி அடிப்பதுதான் வழி. வெட்டிய இடத்திலிருந்து வரும் புது இலை நேராக இருந்தால் ஜெயித்தீர்கள். ஏற்கெனவே சுருண்ட இலை ஒருநாளும் விரியாது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது வகைதான் வருத்தமானது. இலைகள் சிறுத்து, கொசகொசவென்று நெருங்கி, வெளிறி, நரம்புகள் புடைத்து, செடி குட்டையாகவே நின்றுவிடும். தட்டினால் தாளில் எதுவும் விழாது. வெட்டிவிட்டால் வரும் புதுத்துளிரும் அதே கோலம். இது இலைச்சுருள் வைரஸ்; வெள்ளை ஈ கொண்டுவந்து விட்டிருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. மோர், பஞ்சகவ்யம், சாணக் கரைசல் என்று என்ன ஊற்றினாலும் குணமாகாது. பிடுங்குங்கள். இரண்டு மாதம் வளர்த்த செடியைப் பிடுங்க மனம் வராது, தெரியும். அதை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வெள்ளை ஈ பக்கத்துத் தக்காளிக்கும் எடுத்துப்போகும். பிடுங்கும் முன் செடியின் மேல் ஒரு பெரிய பையைக் கவிழ்த்துக்கொண்டால் ஈக்கள் பறந்து அடுத்த செடிக்குப் போகாது.

கத்திரியில் இதுபோல இலையெல்லாம் குட்டிக் குட்டியாகி, செடி துடைப்பக்கட்டை மாதிரி ஆகிவிட்டால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. அதற்கும் பிடுங்குவதுதான்.

மத்தியானம் மட்டும் நடுநரம்பை ஒட்டி மடிந்து, மாலையில் விரிந்துவிடும் இலையை மறந்துவிடுங்கள். செடி வெயிலுக்குக் குடை பிடித்துக்கொள்கிறது. தக்காளியின் அடி இலைகள் கனமழைக்குப் பிறகு சுருண்டு தடித்து நிற்பதும் நோயில்லை.

இலை ஓரம் கருகுகிறது, மண்ணின் மேல் வெள்ளையாகப் படிகிறது

திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரை என்று கடலோரத்தில் போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கும் கோடையில் இதே கதைதான்.

அறிகுறி இப்படி வரும். முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் காய்ந்த பழுப்பாகும். இலையின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். பையின் ஓரத்திலும் வடிகால் ஓட்டையைச் சுற்றியும் சுண்ணாம்பு தடவியது போல ஒரு பட்டை. தண்ணீர் ஊற்றியும் செடி தாகத்தோடு இருப்பது போல மந்தமாக நிற்கும். காரணம் உப்பு. மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பேனா அளவில் எங்கும் கிடைக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 2000 வரை. நாம் 2000ஐ எப்படியோ குடித்துவிடுவோம், மிளகாய் குடிக்காது. பாசன நீரில் சுமார் 650 தாண்டும்போதே மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. தக்காளி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், 1100 பக்கம் வரை. பீன்ஸ் மிளகாயைவிடவும் தாங்காது.

உங்கள் போரில் 1500 காட்டினால் என்ன செய்வது? மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்து ஊற்றலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துவையுங்கள். அது கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் டிடிஎஸ் பாதியாகிவிடும். அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் செடிக்குச் சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் உரத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை 'வீணாகுதே' என்று செடிக்கு ஊற்றுபவர்கள் நிறையப் பேர். வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவுங்கள், செடிக்கு வேண்டாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உப்பை வெளியேற்ற ஒரே வழி கழுவி விடுவதுதான். மேல் படிவத்தை ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எறிந்துவிட்டு, பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு, அடியில் வடியும்படி ஊற்றுங்கள். வடியும் தண்ணீரின் டிடிஎஸ்ஸை அளந்தால் படிப்படியாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கழுவியதில் சத்தும் போயிருக்கும். வாரம் கழித்து இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். ஐப்பசி மழை இதே வேலையை இலவசமாகச் செய்கிறது. அதனால்தான் சித்திரையில் செத்துப் பிழைத்த செடிகள் கார்த்திகையில் தளதளவென்று நிற்கின்றன.

தென்னை நார்க்கழிவைக் கழுவாமல் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்டியை ஊறவைத்துப் பிழிந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். 'கழுவியது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஒருமுறை அலசிவிடுவது நல்லது.

இலை மஞ்சளாகிறது

அடி இலை முழுசாக, நரம்பும் சேர்த்து மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. பை மண் ஏழைதான். தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் கொஞ்சம் சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மண்புழு உரம், அல்லது ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் நன்றாக நீர்த்து. புண்ணாக்கு ஊறும் வாசனைக்கு அடுக்குமாடி அசோசியேஷனில் புகார் வந்தால் என்னைக் கேட்கக்கூடாது.

அடி இலையில் நரம்பு பச்சையாக, இடைவெளி மட்டும் மஞ்சளாக இருந்தால் மக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், இலை மேல் மாலையில், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை.

அதே பச்சை நரம்பு, மஞ்சள் இடைவெளி, ஆனால் கொழுந்து இலையில் என்றால் இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கடினத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண்ணின் காரத்தன்மை (pH) கூடிவிட்டதால் செடியால் அதை எடுக்க முடியவில்லை. நாலைந்து துருப்பிடித்த ஆணியைப் புதைத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. காரமான மண்ணில் அந்த ஆணி ஆணியாகவே இருக்கும். செலேட் செய்த இரும்புச்சத்தை வாங்கி இலை மேல் தெளியுங்கள், அப்புறம் தண்ணீரை மாற்ற வழி பாருங்கள்.

வாடுகிறது

பகல் ஒரு மணிக்கு வாடி மாலை ஆறுக்கு நிமிர்ந்தால் வெயில். காலை ஆறுக்கே வாடியிருந்தால் ஆபத்து. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிச் செடிகள் பிழைக்கும். மத்தியான வாட்டத்தைப் பார்த்துப் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். மாடியில் கிடந்த ஹோஸ் பைப்பில் தேங்கிய தண்ணீர் அந்த நேரத்தில் கையை வைக்க முடியாத சூட்டில் வரும். அதை வேரில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் வரும் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு, கையில் குளிர்ச்சி தெரிந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் தரை ஓட்டின் சூடு பையின் அடி வழியே ஏறும். பையைச் செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். மாடித் தளத்துக்கும் அது நல்லது, ஈரம் இறங்காது. மேற்குப் பார்த்த கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஒரு முழம் தள்ளுங்கள். அந்தச் சுவர் இரவு எட்டு மணி வரை அனல் விடும். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ மூடாக்காகப் போடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை போதும். 75 சதவீதம் கட்டினால் செடி நெடுநெடுவென்று வளரும், காய்க்காது.

காலையிலேயே வாடியிருக்கிறது, மண் காய்ந்திருக்கிறது என்றால் தண்ணீர். மேலே ஊற்றுவது பையின் ஓரமாக ஓடி வடிந்துவிடும், ஏனென்றால் முழுசாகக் காய்ந்த நார்க்கழிவு தண்ணீரை உடனே ஏற்காது. பையை ஒரு அகலமான டப்பில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

காலையிலேயே வாடியிருக்கிறது, மண் ஈரமாகவும் இருக்கிறது என்றால் வேர் அழுகல், அல்லது பாக்டீரியா வாடல். எதுவென்று தெரிய ஒரு சோதனை. வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிடுங்கள். தம்ளரை ஆட்டாதீர்கள். பின்னால் கறுப்புத்துணி ஏதாவது இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சில நிமிடத்தில் வெட்டிய முனையிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை ஒன்று நேராகக் கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். தண்டு, வேர், மண் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தூக்கி எறிய வேண்டியதுதான். வெட்டிய கத்தியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அந்தப் பையில் மிளகாய், தக்காளி, கத்திரி வேண்டவே வேண்டாம்.

இழை வரவில்லை, வேர் பழுப்பாகித் தோல் உரிகிறது, நாற்றம் வருகிறது என்றால் அழுகல். வடிகால் ஓட்டை அடைத்திருக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டு, மண் காயும் வரை தண்ணீரை நிறுத்தி, அப்புறம் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை கலந்த மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. பாதி வேர் மிஞ்சியிருந்தால் தேறும். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் தட்டு வைப்பவர்கள் கவனியுங்கள். அந்தத் தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான்.

பூ கொட்டுகிறது

மே மாதத்தில் இதைக் கேட்டால் ஒரே பதில்: சும்மா இருங்கள். மிளகாயும் தக்காளியும் பிஞ்சு பிடிக்க இரவுக் குளிர்ச்சி வேண்டும். இரவில் 24 டிகிரிக்கு மேல் நின்றால் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை. சென்னையில் மே மாத இரவே 27, 28. தேமோர்க் கரைசல் அடித்தால் நிற்கும் என்பார்கள். தேங்காய்ப் பாலும் மோரும் பூவுக்கு நல்லதாகவே இருக்கட்டும், அது இரவைக் குளிர வைக்காது. செடியைக் கவாத்து செய்து, உயிரோடு வைத்திருந்து, ஆடியில் புது நாற்று விடுவதே புத்திசாலித்தனம். ஆடிப்பட்டம் தேடி விதை என்றவர்கள் சென்னை மாடியைப் பார்த்ததில்லை, ஆனாலும் கணக்கு சரியாக வருகிறது. ஆடியில் விதைத்தால் புரட்டாசிக்குப் பூ, மார்கழி தையில் இரவு 21, 22க்கு இறங்கும்போது காய் குலுங்கும்.

குளிர்ந்த மாதத்திலும் கொட்டினால் காரணம் வேறு. இலை கரும்பச்சையாகச் செழித்து, பூ மட்டும் வராமல் அல்லது கொட்டிக்கொண்டே இருந்தால் தழைச்சத்து அதிகம். மீன் அமிலத்தையும் புண்ணாக்கையும் ஒரு மாதம் நிறுத்துங்கள். மரச்சாம்பல் ஒரு கைப்பிடி போடலாம், ஆனால் தண்ணீர் ஏற்கெனவே காரமாக இருந்தால் அதுவும் வேண்டாம். பூவைத் தட்டி இலைப்பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். தக்காளிக்கு மட்டும், காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். உயரமான மாடிகளுக்குத் தேனீ அவ்வளவாக ஏறி வருவதில்லை.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது

நோய் இல்லை. சுண்ணாம்புச்சத்து காயின் கடைசி வரை போய்ச் சேரவில்லை. மண்ணில் அது இல்லை என்று அர்த்தமில்லை. ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு ஏறாது. ஊருக்குப் போய்விட்டு வந்த வாரத்துக்குப் பிறகு இது வருவதைக் கவனித்திருப்பீர்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது அடுத்த வருடத்துக்கு உதவலாம், இந்தக் காய்க்கு உதவாது. கறுத்த காயைப் பறித்துவிட்டுத் தண்ணீரை ஒழுங்கு செய்யுங்கள்.

எறும்பு ஏறுகிறது, இலை பிசுபிசுக்கிறது, கறுப்புப் பொடி படிகிறது

எறும்பு செடியைத் தின்ன வரவில்லை. மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை கழிக்கும் தேன் போன்ற திரவத்துக்காக எறும்பு அவற்றைப் பாதுகாக்கிறது. எறும்புத் தடத்தைப் பின்தொடர்ந்து போங்கள், நேராகக் கொண்டுபோய் விடும். அசுவினியைத் தண்ணீரால் அடித்தாலே போய்விடும். மாவுப்பூச்சியின் மேல் மெழுகு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்தெடுத்து, அப்புறம்தான் வேப்பெண்ணெய். தண்டில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றி எறும்பை நிறுத்தினால், அதுவரை கிட்ட வர முடியாமல் இருந்த பொறிவண்டு மிச்ச வேலையைச் செய்யும்.

மாவுப்பூச்சியைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. 2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகு அது அடங்கியது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே உப்பிப்போய்ப் பழுப்பாக, காய்ந்து கெட்டியாகச் சில கிடந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தக் கிளைக்கு மருந்து அடிக்காதீர்கள்.

செடியில் பூச்சியே இல்லை, ஆனால் இலையின் மேற்பக்கம் மட்டும் கறுப்புப் பொடி என்றால் தலையைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை மாடிக்கு மேல் சாய்ந்திருக்கிறதா? 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது சென்னைத் தென்னைகளிலும் குடியிருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளை வட்டங்கள் தெரியும். அது சொட்டும் திரவம் கீழே இருக்கும் எல்லாவற்றின் மேலும் விழுந்து, அதில் கரும்பூசணம் வளர்கிறது. கார் கண்ணாடி பிசுபிசுப்பதும் இதனால்தான். தென்னைக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. செடியை ஓலை நிழலிலிருந்து நகர்த்தி, இலையை மேலிருந்து நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கஞ்சித் தண்ணீரை நீர்க்கத் தெளித்து வெயிலில் காயவிட்டாலும் கறுப்பு அப்பளமாக உரிந்து வரும்.

மழைக்காலத் தொல்லைகள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அதாவது புரட்டாசி முடிவதற்குள், எல்லாப் பையின் ஓட்டைகளையும் குத்திப் பாருங்கள். நாலு நாள் தொடர் மழைக்குப் பிறகு செடி முழுக்க வெளிறினால் சத்து கரைந்து போயிருக்கிறது, நோய் என்று பயப்பட வேண்டாம். மழை நின்று மண் கொஞ்சம் காய்ந்ததும் உரம் வையுங்கள். ஈர மண்ணில் உரம் கொட்டினால் அழுகத்தான் செய்யும்.

பழுத்த மிளகாயில் வட்டமாகக் குழி விழுந்து, அதற்குள் வட்டம் வட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பழ அழுகல் நோய். கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகுவதும் அதே பூஞ்சைதான். மழைத்துளி தெறித்துப் பரவும் என்பதால் செடிகளுக்கு நடுவே ஒரு கை அகலம் விடுங்கள், கெட்ட பழத்தைக் கம்போஸ்ட்டில் போடாதீர்கள், பழுக்கும் வரை விடாமல் பச்சையாகவே பறியுங்கள். சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 5 கிராம் கலந்து மழை இடைவெளியில் தெளிக்கலாம். அதன் விதையை எடுத்து வைக்க வேண்டாம், விதையோடு அடுத்த வருடத்துக்கும் வரும்.

புயல் எச்சரிக்கை வந்தால் வீரம் வேண்டாம். வர்தா போன மாதிரி காற்று அடித்தால் எந்தக் குச்சியும் நிற்காது. பைகளைக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் கூட்டமாக நெருக்கி வைத்து, உயரமானவற்றைப் படுக்கப் போட்டுவிடுங்கள். தொங்கும் தொட்டிகளை இறக்குங்கள். நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள், கம்பத்தோடு பறந்து பக்கத்து வீட்டு மேல் விழும்.

நாற்று மடிகிறது, காயில் ஓட்டை, காயே காணோம்

நாற்று அடியில் நீர்கோத்து நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்தால் நாற்றழுகல். சாய்ந்தது எழாது. அடுத்த முறை விதையில் டிரைக்கோடெர்மா கலந்து, தட்டில் நெருக்கமில்லாமல் விதைத்து, மேலே ஊற்றாமல் அடியிலிருந்து ஈரம் கொடுங்கள்.

கத்திரியின் இளந்தண்டு நுனி மட்டும் தொங்கினால் உள்ளே புழு. தொங்கும் இடத்துக்குக் கீழே ஒரு அங்குலம் விட்டு வெட்டிப் பிளந்து பாருங்கள், வெளிர் ரோஸ் நிறத்தில் இருக்கும். வாரம் இருமுறை இப்படி வெட்டினால் காய்க்குப் போகாது. காயில் ஓட்டை வந்த பிறகு எதை அடித்தும் பயனில்லை, புழு உள்ளே பத்திரமாக இருக்கிறது.

தக்காளி பழுக்கும் நாளில் காணாமல் போனால் அணில் அல்லது எலி. மிளகாயைக் கிளி கொத்திப் போகும். பறவைக்குக் காரம் உறைக்காது. வலை கட்டுவது தவிர வேறு எதுவும் நீடித்து வேலை செய்வதில்லை. பழைய சிடி தொங்கவிடுவது அணிலுக்கு அலங்காரம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் வளரவே இல்லை

பூச்சி இல்லை, தண்ணீர் நல்ல தண்ணீர், உரம் போட்டாயிற்று, மூன்று மாதமாகச் செடி அதே உயரம். அப்படிப்பட்ட செடி ஒன்றைத் தியாகம் செய்து வேரோடு பிடுங்கி, ஒரு வாளித் தண்ணீரில் மண் போக அலசுங்கள். வேரில் கடுகளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை முடிச்சுகள், தேய்த்தாலும் உதிராமல் வேரோடு ஒன்றாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரை, பீன்ஸ் வேரில் உள்ள முடிச்சு நல்ல முடிச்சு. அது வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நூற்புழு வந்த மண்ணைத் தூக்கி எறிய அவசியமில்லை, இந்த விஷயத்தில் சென்னை வெயில் நம் பக்கம். சித்திரையில் பைகளைக் கொட்டி, மாடித்தரையில் அரை அடி கனத்துக்குப் பரப்பி, ஈரமாக நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளால் இறுக்கமாக மூடி ஓரங்களில் செங்கல் வைத்து நாலிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், தெளிந்த தாளுக்குள்தான் சூடு ஏறும். பிறகு பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கும் தொழு உரமும் கலந்து பதினைந்து நாள் ஈரமாக வைத்து, அந்தப் பட்டத்துக்குச் செண்டுமல்லி போடுங்கள். மிளகாய்க்கு வேறு பை எடுத்துக்கொள்ளுங்கள்.